பழைய புல்லு மெஷின் வாங்குமுன்: ஆடு மாடு வளர்க்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வேலை ஓய்வு பெற்ற கையோடு நாலு மாடு, பத்து ஆடு வாங்கிக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாடு ஒன்றும் புதிதல்ல. பால்மரக் காட்டுக்குள் காலையில் அவிழ்த்து விட்டால் சாயங்காலம் தானாக வீடு வந்து சேரும். இப்போது சுற்றிலும் செம்பனை. பல தோட்டங்களில் மாடு உள்ளே கால் வைக்கவே விடுவதில்லை. ஆகவே மாட்டைப் புல்லுக்கு ஓட்டிப்போன காலம் போய், புல்லை மாட்டுக்குச் சுமந்து வர வேண்டிய காலம் வந்துவிட்டது. அங்கேதான் மெஷின் பேச்சு தொடங்குகிறது. புதுசு கையைக் கடிக்கும், பழசு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் மெஷினைப் பார்க்கப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் புல், உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இந்த இரண்டையும் பார்த்தவர் பழைய மெஷினில் பெரிதாக ஏமாறுவதில்லை. பெயிண்டையும் விலையையும் மட்டும் பார்த்துப் போகிறவர்தான் ஆறு மாதத்தில் அதை ஷெட்டு மூலையில் சாய்த்து வைக்கிறார்.

யூடியூப் பேலர் நமக்கு வேண்டாம்

முதலில் ஒரு ஆசையை ஒதுக்கிவிடுவோம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் புல்லை வெட்டி, வெயிலில் காயவிட்டு, பேலர் மெஷினால் உருளை உருளையாகக் கட்டி அடுக்குவதை வீடியோவில் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி ஒரு செட் பழசாகக் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிடைத்தாலும் வாங்காதீர்கள். நாம் தீவனத்துக்கு நடும் நேப்பியர் புல்லை வெட்டும்போது அதில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். காய்ந்த புல்லாகக் கட்டி வைக்க அது பதினைந்து பங்குக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து சில நாள் நல்ல வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற பேராக்கில், காலையில் சுட்டெரித்துவிட்டு மூன்று மணிக்கு இடி இடிக்கிற ஊரில், அது நடக்காது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனம் சினை மாட்டுக்கு ஆபத்து.

வைக்கோல் வேறு கதை. நெல் முற்றும்போது தாளும் பாதி காய்ந்துதான் நிற்கிறது. அதனால் பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் கிரியான் வயல்களில் அறுவடைக்குப் பிறகு வைக்கோலைக் கட்டாகக் கட்ட முடிகிறது. அங்கேயும் நமக்கு வேண்டியது கட்டுதான், கட்டுகிற மெஷின் அல்ல. அறுவடை நேரத்தில் ஒரு லோரி கட்டு இறக்கி, நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். புரதம் மூன்று நான்கு சதவீதம்தான் இருக்கும். வயிற்றை நிரப்பும், பாலைக் கூட்டாது.

நம் ஊர்ச் சிறு பண்ணைக்குத் தேவை இரண்டே மெஷின்: புல்லை வெட்ட ஒன்று, வெட்டியதைத் துண்டு துண்டாக நறுக்க ஒன்று. மழைக்காலத்துக்குச் சேமிக்க நினைத்தால், நறுக்கிய புல்லை நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் காற்றே இல்லாமல் மிதித்து அழுத்தி மூடி, மூன்று வாரம் கழித்துத் திறக்கலாம். அதற்கும் அடிப்படை நறுக்கும் மெஷின்தான்.

கணக்கு முதலில்

மாடோ ஆடோ, ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். 300 கிலோ மாடு ஐந்து வைத்திருந்தால் தினமும் 150 கிலோ. 30 கிலோ ஆடு இருபது என்றால் 60 கிலோ. தின்னாமல் சிதறுவது இதற்கு மேல்.

நேப்பியரை 45 முதல் 60 நாளைக்கு ஒரு முறை வெட்டலாம். அதற்கு முன் வெட்டினால் தண்ணீர்தான் அதிகம், வேரும் தளரும். அதைத் தாண்டினால் தண்டு மூங்கிலாகிவிடும். மாடு இலையை உருவிவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். பாக்சோங், தைவான் நேப்பியர் போன்ற உயர ரகங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆக நிலத்தை ஐம்பது கீற்றாகப் பிரித்து, நாளைக்கு ஒரு கீற்று என்று வெட்டிக்கொண்டே போனால் முதல் கீற்று மறுபடி தயாராக நிற்கும். நன்றாகச் சாணி எரு போட்ட ஒரு ஏக்கர் ஐந்து மாட்டைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

"தோட்டத்து ஓரத்திலே புல்லு சும்மாதானே கிடக்கு, அதை வெட்டிக்கலாம்" என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள். செம்பனை வரிசையிலும் சாலை ஓரத்திலும் களைக்கொல்லி அடிப்பார்கள். எந்த நாள் அடித்தார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. பாராக்குவாட்டை மலேசியாவில் 2020 முதல் தடை செய்துவிட்டார்கள் என்பது உண்மை. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன.

இந்தக் கணக்கு எதற்கென்றால், பத்து மாடு வரைக்கும் முதுகில் மாட்டும் புல்லு மெஷின் ஒன்றும் நடுத்தர நறுக்கு மெஷின் ஒன்றும் போதும். நூற்றைம்பது கிலோ புல்லை வெட்டக் கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கட்டிச் சுமந்து வருவதுதான் இடுப்பை ஒடிக்கும். அதற்கு மோட்டார் சைக்கிளில் மாட்டும் சைட் கார் வண்டி இருந்தால் போதும்.

டிராக்டரும் சிலாஷரும்

தோட்டத்தில் ஏலம் போகும்போது பழைய டிராக்டரும் அதோடு சிலாஷரும் மலிவாகக் கிடைக்கும். மாஸி ஃபெர்குசன், ஃபோர்டு, குபோட்டா என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய பெயர்கள் வேறு. மனசு சபலப்படும். சிலாஷர் செய்வது என்ன என்று நினைத்துப் பாருங்கள். கனமான கத்தி சுழன்று புல்லை அடித்துச் சிதறடித்து மண்ணோடு போட்டுவிடும். தோட்டத்துக்கு வேண்டியதே அதுதான், புல் மக்கி மறைய வேண்டும். தீவனத்துக்கு அது உதவாது. வாரி எடுக்க முடியாது, எடுத்தாலும் மண்ணும் கல்லும் கலந்து நறுக்கு மெஷின் கத்தியைப் பதம் பார்த்துவிடும்.

தீவனப் புல் முழு நீளமாகச் சாய்ந்து விழ வேண்டும். அதற்கு ஏற்றது ஈர்வாள் பல் மாதிரி இரண்டு பக்கமும் ஓடுகிற நீளக் கத்திப் பட்டை. இரண்டு சக்கரக் கை டிராக்டரில் முன்னால் பொருத்தியது அபூர்வமாக விற்பனைக்கு வரும். சமமான நிலம் மூன்று ஏக்கருக்கு மேல் இருந்து, அந்தப் பட்டைக்குப் பல் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் யோசியுங்கள். நம் பக்கத்து மேடு பள்ளத்துக்கும் பழைய கட்டை வேர்களுக்கும் அது ஒத்துவராது.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் மெஷின்

எந்த ஊரில் இருந்தாலும் பட்டணத்தில் ஒரு மெஷின் கடை இருக்கும். வாசலில் செயின்சா, பம்ப், புல்லு மெஷின் வரிசையாகத் தொங்கும். உள்ளே தவுக்கே எண்ணெய்க் கையோடு கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டு இருப்பார். அவரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மாடலுக்கு பிஸ்டன் ரிங், கிளட்ச், கியர் பாக்ஸ், ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் உங்களிடம் இப்போதே இருக்கா?" "ஆர்டர் பண்ணணும்" என்றால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும், பார்சல் வரும்வரை அது காத்திருக்காது.

முதுகில் மாட்டும் வகையில் நம் நாட்டில் அதிகம் புழங்குவது தனாகா எஸ்.யூ.எம். 328. ஸ்டில் எஃப்.ஆர். 3001, மிட்சுபிஷி டி.எல். 43 என்று இன்னும் சில. இவை பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக். எண்ணெயைத் தனியாக ஊற்றும் நான்கு ஸ்ட்ரோக் வேண்டுமானால் ஹோண்டா ஜி.எக்ஸ். 35 இன்ஜின் உள்ளவை. இவற்றுக்குச் சின்ன ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும். இவற்றைப் பார்த்து அப்படியே செய்த நகல் மெஷின்களுக்கும் கிடைக்கும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நகலைப் பழசாக வாங்குவதில் பொருள் இல்லை. அதன் புது விலையே குறைவு, பாதி ஆயுள் முடிந்த பிறகு அதில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? என் கணக்கில் ஒரிஜினல் பழசு முதலில், நகல் புதுசு அடுத்தது, நகல் பழசு எப்போதும் இல்லை.

நகலைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அதைத்தான் முதலில் அச்சடிக்கிறார்கள். இன்ஜினில் பதித்த நம்பர் தெளிவாக இருக்கிறதா, வார்ப்பு விளிம்புகள் மழுங்காமல் சுத்தமாக இருக்கின்றனவா, கார்புரேட்டரில் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடையில் தொங்கும் ஒரிஜினலைப் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கே தேடுவது

முடா (Mudah) இணையத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் தினமும் வரும். மெஷின் கடையிலேயே பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தவர்களின் மெஷின் இருக்கும்; விலை சற்று அதிகம், ஆனால் ஓடவில்லை என்றால் திரும்பிப் போய்ச் சண்டை போட ஒரு முகவரி இருக்கிறது.

விற்பவர் யார் என்பது முக்கியம். நகராண்மைக் கழகத்துக்கோ தோட்டத்துக்கோ புல் வெட்டும் குத்தகைக்காரர்கள், குத்தகை முடிந்ததும் நாலைந்து மெஷினை ஒரே நேரத்தில் தள்ளிவிடுவார்கள். அவை நாள் முழுக்க ஓடியவை. பிஸ்டன், கிளட்ச், பேரிங் எல்லாம் தேய்ந்திருக்கும். வீட்டுக்காரர் வாங்கி நாலு தடவை ஓட்டிவிட்டுக் கார் கொட்டகையில் தொங்கவிட்ட மெஷின் பார்க்கத் தூசியாக இருக்கும், ஸ்டார்ட்டும் ஆகாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே காய்ந்துபோன பழைய பெட்ரோல்தான். கார்புரேட்டர் டயாஃப்ராம் செட்டும் பெட்ரோல் குழாயும் மாற்றினால் ஓடிவிடும், செலவும் பெரிதில்லை. தூசி படிந்ததைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பளபளவென்று துடைத்து வைத்ததைத்தான் சந்தேகமாகப் பார்க்க வேண்டும்.

புல்லு மெஷினைச் சோதிப்பது

விற்பவர் வீட்டுக்குப் போனதும் பேச்சுக்கு முன் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஓட்டி வைத்திருக்கிறார். "சும்மா செக் பண்ணேன் அண்ணே" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் எழுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது, ஆகவே அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டு ஆற விடுங்கள். ஆறிய பிறகு ஐந்தாறு இழுப்புக்குள் எழுந்தால் நல்லது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் கை தடைபட்டு நிற்க வேண்டும். அதைத் தாண்டத் தனியாகப் பலம் கொடுக்க வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழவழவென்று வந்தால் உள்ளே காற்றுப் பிடிப்பு (கம்ப்ரஷன்) போய்விட்டது. மெஷின் கடைத் தவுக்கேயிடம் கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் கடன் வாங்கிப் போங்கள். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பொதுவாக நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் நிம்மதி, தொண்ணூறுக்குக் கீழே என்றால் பிஸ்டன் ரிங் செலவு காத்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் ஹோண்டாவில் இந்த மீட்டரை நம்ப வேண்டாம், ஸ்டார்ட் செய்ய எளிதாக இருப்பதற்காகக் கொஞ்சம் காற்றை விட்டுவிடும் அமைப்பு அதில் உண்டு. அதற்கு எண்ணெயைப் பாருங்கள்: கறுத்துக் கூழாக இருந்தால் ஆள் எண்ணெய் மாற்றியதே இல்லை.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி மண் நிறத்தில், காய்ந்திருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் இன்ஜின் அதிகச் சூட்டில், பெட்ரோல் கலவை போதாமல் ஓடியிருக்கிறது. அது மோசம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் கூடுதல் அல்லது காற்று ஃபில்டர் அடைப்பு. அதைச் சரி செய்துவிடலாம். விற்பவர் ஒத்துக்கொண்டால் சைலன்சரின் ஆணிகளையும் கழற்றி, ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மழமழவென்று இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் தெரிந்தால், "கொஞ்சம் ஓட்டினா சரியாயிடும்" என்று அவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றியவர் யாரோ, அந்தக் கோடுகள் அதற்குச் சாட்சி.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் கத்தி நின்றுவிட வேண்டும். ஐடிலிலேயே கத்தி சுற்றினால் ஐடில் அளவு கூடுதலாகத் திருகியிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. திருகுப்புரியை ஒரு சுற்றுக் குறைத்தும் கத்தி நிற்காவிட்டால் கிளட்ச்தான். முழு வேகத்துக்கு அழுத்தும்போது தயங்கித் திணறாமல் ஏற வேண்டும்.

இன்ஜினோடு நிறுத்திவிடாதீர்கள். முதுகு மெஷினில் வளையும் குழாய்க்குள் ஒரு கம்பிக் கயிறு ஓடுகிறது. குழாயைக் கழற்றி அந்தக் கம்பியை வெளியே இழுத்துப் பாருங்கள். கிரீஸ் பூசி, இழை பிரியாமல் இருக்க வேண்டும். துரு தூளாகக் கொட்டினால் கம்பி, குழாய் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். கீழே கத்தி மாட்டும் கியர் பாக்ஸைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லேசாகக்கூட ஆடக்கூடாது. கத்தியைப் பிடிக்கும் நட்டு இடது புரி, வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர்கள் எதிர்ப்பக்கமாக முறுக்கி அதன் முனைகளை மழுங்கடித்திருப்பார்கள். மழுங்கிய நட்டைக் கண்டால் அந்த மெஷினுக்கு யார் சர்வீஸ் செய்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசிச் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு நிஜமான லாலாங் புல்லிலோ புதரிலோ பத்து நிமிடம் வெட்டுங்கள். பிறகு அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு, சூட்டோடு மறுபடி இழுங்கள். குளிரில் நன்றாக எழுந்த மெஷின் சூட்டில் எழ மறுத்தால், ரிங்கோ, கிராங்க் சீலோ, ஸ்பார்க் தரும் காயிலோ (coil) போயிருக்கிறது. கொல்லைப்புறத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் இது வெளியே தெரியாது. "புல்லு எங்க இருக்கு வெட்ட?" என்று விற்பவர் மழுப்பினால், மலேசியாவில் புல் இல்லாத இடம் எது என்று கேளுங்கள்.

நறுக்கு மெஷின்

இதில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். புல்லு மெஷின் கெட்டால் பணம்தான் போகும், நறுக்கு மெஷினில் விரல் போகும்.

நேப்பியர் கட்டு ஒன்றை நீங்களே கையோடு கொண்டு போங்கள். விற்பவர் போட்டுக் காட்டும் இளம் புல்லை எந்த மெஷினும் நறுக்கும். முற்றிய தண்டைப் போட்டுப் பாருங்கள். மாட்டுக்கு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர், ஆட்டுக்கு அதைவிடச் சின்னதாக, வெட்டு முகம் சுத்தமாக வர வேண்டும். நார் நாராகக் கிழிந்து வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது சுழலும் கத்திக்கும் எதிரே நிலையாக இருக்கும் பட்டைக்கும் இடைவெளி கூடிவிட்டது. மின்சாரத்தையோ பெட்ரோலையோ முழுதாகத் துண்டித்த பிறகு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, இடையில் ஒரு தாளை நீட்டிப் பாருங்கள். கத்திரிக்கோல் போல நறுக்கென்று வெட்ட வேண்டும். தாள் மடங்கி உள்ளே போனால் இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். அதற்கான போல்ட் துரு பிடித்து இறுகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கத்தி மாட்டிய சக்கரத்தில் வெல்டிங் தழும்பு ஏதாவது இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அவ்வளவு வேகத்தில் சுற்றும் சக்கரம் உடைந்தால் நிற்பவர் கதி அதோகதி. மேல்மூடி, பெல்ட்டு மூடி இரண்டும் இருக்க வேண்டும். பல பழைய மெஷின்களில் அவற்றைக் கழற்றி எறிந்திருப்பார்கள்; வெல்டிங் கடையில் தகடு வைத்து அடித்து மாட்டாமல் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. புல்லை உள்ளே இழுக்கும் ரோலர் உள்ள மெஷினில், அதைப் பின்னோக்கிச் சுற்ற வைக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று பாருங்கள். புல் போடும் வாய் முழங்கை நீளத்துக்காவது இருக்க வேண்டும். வாய் குட்டையாக இருந்தால் கை ரோலர் வரை போய்விடும்.

பெட்ரோலா கரண்டா என்றால், வீட்டோடு ஒட்டிய கொட்டகைக்குக் கரண்ட். ஆனால் மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 13 முதல் 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் பல மடங்கு. வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கில் செருகும் சாமான் அல்ல அது. தனி வயர், தனி பிரேக்கர் வைத்து, பதிவு பெற்ற வயரிங்காரரைக் கொண்டு இழுக்க வேண்டும். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஐம்பது அடிக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஓட்டிய மோட்டார்தான் சந்தைக்கு அதிகம் வருகிறது. வோல்டேஜ் குறைந்து, சூடேறி, சுருள் கருகியிருக்கும். மோட்டார் வாயில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், கருகிய வார்னிஷ் வாடை மறையாது. சுவிட்சைப் போட்டதும் உம்மென்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால், பல நேரம் கெப்பாசிட்டர்தான். அதை மலிவாக மாற்றலாம், அதையே பேரத்துக்கும் பயன்படுத்தலாம்.

கரண்ட் எட்டாத இடத்துக்குப் பெட்ரோல். ஹோண்டா ஜி.எக்ஸ். 200 அல்லது அதன் சீன நகல்தான் பெரும்பாலும் இருக்கும். இந்த வகை இன்ஜினில் மட்டும் நகலைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை, முழு இன்ஜினையே புதிதாக வாங்கி அதே நாலு போல்ட்டில் மாட்டிவிடலாம். செம்பனை மட்டையையும் நறுக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையமான மார்டி நெடுங்காலமாகவே மட்டையைத் தீவனமாக ஆராய்ந்து வருகிறது, மாடு தின்னும் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் புல் நறுக்கும் சின்ன மெஷினில் மட்டையைத் தள்ளினால் கத்தியும் பேரிங்கும் தாங்காது. அதற்கென்று கட்டிய பெரிய மெஷின் வேறு.

திருட்டுச் சாமான்

புல்லு மெஷின் தூக்கிப் போக எளிதான சாமான், அதனால் திருடு போவதும் அதிகம். பதித்த நம்பரை அரம் வைத்துத் தேய்த்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டம் 411-ஆம் பிரிவு உங்கள் மேல்தான் பாயும். பழைய ரசீது இருந்தால் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு தாளில் மாடல், நம்பர், விலை, தேதி, அவர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேரம்

எனக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அதே மாடலின் இன்றைய புது விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஓட்டத்தில் இருக்கும் பழசுக்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். பாதியிலிருந்து, சோதனையில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் சாமான் விலையைக் கழித்துக்கொண்டே போவேன். சாமான் விலை முன்பே தவுக்கேயிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால், பேரம் வெறும் வாய்ச்சண்டையாக இல்லாமல் கணக்காக மாறிவிடும்.

"ஐந்நூறு சொன்னீங்க அண்ணே. கம்பி கேபிள் துருப்பிடிச்சிருக்கு, கியர் பாக்ஸ் ஆடுது. ரெண்டுக்கும் கடையிலே என்ன விலைன்னு இதோ எழுதி வெச்சிருக்கேன்."

"அது எல்லாம் சின்னச் சின்னது லா தம்பி."

"சின்னதுதான், அதனாலே நீங்களே மாத்திக் குடுங்க, ஐந்நூறே தர்றேன்."

பெரும்பாலும் இந்த இடத்தில் விலை இறங்கும். இறங்கவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்; அடுத்த வாரமே அவர் கூப்பிடுவதும் உண்டு. முன்பணம் மட்டும் வங்கியில் போட்டுவிடாதீர்கள், மெஷினைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

தொட்டியில் இருக்கும் பெட்ரோலை முழுதாகக் கொட்டிவிடுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புது ஸ்பார்க் பிளக், புது பெட்ரோல் குழாய், ஃபில்டர் மாற்றுங்கள். கியர் பாக்ஸில் சின்ன போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி கிரீஸ் அடையுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் கலவை 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) எண்ணெய், 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்பது மெஷினையும் எண்ணெயையும் பொறுத்தது, கடையில் கேட்டு டப்பாவின் மேலேயே மார்க்கர் பேனாவில் எழுதி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது ஊற்றும்போது குழப்பம் வராது. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நேப்பியருக்குத் தங்சி (நைலான்) கயிறு போதாது, தண்டைச் சுற்றிக்கொண்டு அறும். பல் உள்ள வட்டக் கத்தியோ மூன்று முனைக் கத்தியோ போடுங்கள், கத்தி மறைப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள். பூட்ஸ், முகக் கவசம், காதுக்கு அடைப்பான். ஆட்கள், பிள்ளைகள், நாய் எல்லாம் பதினைந்து மீட்டருக்கு அப்பால். அடியை மண் மட்டத்தில் வெட்டாமல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கட்டை விட்டு வெட்டினால் கத்தி கல்லில் படாது, அடுத்த துளிரும் சீக்கிரம் வரும்.

நறுக்கு மெஷின் கத்தியைத் தீட்டும்போது சாய்வாக இருக்கும் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள், தட்டையான பக்கத்தில் அரம் படக்கூடாது. எல்லாக் கத்தியையும் ஒரே அளவு தீட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்து மாட்டுங்கள். ஒன்று மட்டும் இலேசாகிவிட்டால் சக்கரம் ஆட்டம் போட்டு பேரிங்கைத் தின்றுவிடும். போல்ட்டை இறுக்கி, மூடியை மாட்டி, முதலில் புல் போடாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட்டிச் சத்தம் கேளுங்கள்.